கடலோர ஊருக்கு கிளைமேட் பிளான்: யாரை வச்சு போடுறது? நாலு வழியும் அதோட செலவும்

இப்பல்லாம் ராம்நாடு கடற்கரையில ஊர்க் கமிட்டி கூட்டம்னா கிளைமேட் பேச்சு எப்படியாச்சும் உள்ள வந்துருது. ஒரு யுனிவர்சிட்டிலருந்து "உங்க ஊருக்குத் தகவமைப்புத் திட்டம் போடுறோம், ஒத்துழைப்பு கொடுங்க"ன்னு (மாறுற காலநிலைக்கு ஏத்த மாதிரி ஊரு தயாராகுற திட்டம்) லெட்டர் வரும், அதே மாசம் ஒரு தொண்டு நிறுவனத்து ஆளு வந்து சார்ட் பேப்பர விரிப்பாரு, கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட காலநிலை மாற்ற இயக்கம்னு ஒண்ணு இருக்குன்னு யாராவது சொல்லுவாங்க, கடைசில பெருசுங்க "நம்ம கடலு நமக்குத் தெரியாதா, நாமளே எழுதிக் குடுப்போம்"பாங்க. நாலுக்கும் தலையாட்டிட்டு நாலும் பாதில நிக்கிற ஊரும் இருக்கு. எதுக்குச் சரின்னு சொல்றதுன்னு கமிட்டில இருக்கற படிச்ச பசங்களும் பெண்கள் சங்கத்து அக்காமாருங்களும் கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் உக்காந்து எழுதிட்டேன். நான் மண்டபம் பக்கத்து ஆளு. ஆராய்ச்சிக்கு வர்றவங்களுக்குப் படகு பேசி விடுறது, கூட்டத்துல அவங்க சொல்றத இவங்களுக்கும் இவங்க சொல்றத அவங்களுக்கும் எடுத்துச் சொல்றதுன்னு நடுவுல நின்னவன், அதனால ரெண்டு பக்கத்தையும் கொஞ்சம் குறை சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

## எதை வச்சு எடை போடுறது

எந்த முடிவுக்காக பிளான்? பொதுவா "கிளைமேட் பிளான்"னு ஒண்ணு கிடையாது. 2024 நவம்பர் 20ந்தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு, பாம்பன், தங்கச்சிமடம் பக்கம்லாம் வீட்டுக்குள்ள தண்ணி. அந்தத் தண்ணி எந்த வழியா ஓடி எங்க நின்னுச்சு, எந்த வாய்க்கால மறிச்சு எது கட்டிருக்குங்கறது ஊர்ல சின்னப்புள்ளைக்குக் கூடத் தெரியும், அதுக்கு ஆராய்ச்சி தேவையில்ல. ஆனா கரை ஏன் அரிக்குது, கல்லு போட்டா நிக்குமாங்கறது கண்ணால பாத்து மட்டும் சொல்ற விஷயம் இல்ல. கிணத்துல உப்பு ஏறுறது இது ரெண்டுக்கும் நடுவுல. கேள்விய முதல்ல வச்சுட்டு ஆளத் தேடணும், நம்ம பக்கம் ஆளு வந்து இறங்குனதுக்கு அப்புறம்தான் கேள்வியே பொறக்குது.

யாரு பேசுறா? விசைப்படகு ஓனரு, நாட்டுப்படகுக்காரரு, கரைவலை இழுக்குற கூலியாளு, கருவாடு போடுற ஆத்தா, கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்க, இவங்க எல்லாருக்கும் ஒரே கடல்ல வேற வேற பொழப்பு. கூட்டம் ஜமாத்துல நடந்தாலும் சரி, சர்ச் வாசல்ல நடந்தாலும் சரி, ஊர்ச் சாவடில நடந்தாலும் சரி, முன்வரிசைல உக்காந்திருக்கறது ஆம்பளைங்க, அதுலயும் படகு வச்சிருக்கறவங்க.

டேட்டா யாரு கையில நிக்குது? இதுதான் எனக்கு முக்கியம், கீழ விரிவாச் சொல்றேன்.

எத்தன நாள் பொழப்பு போகும்? வெளியூர்க்காரங்க பண்ற வழக்கமான தப்பு ஒண்ணு இருக்கு. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், மீனவங்க சும்மா இருப்பாங்க, அப்ப ஒர்க்‌ஷாப் வச்சுக்கலாம்னு தேதி குறிப்பாங்க. தடை விசைப்படகுக்கு. ட்ராலர் கரையில கட்டிக் கெடக்குற அந்த ரெண்டு மாசம்தான் நாட்டுப்படகுக்காரன் நாலு காசு பாக்குற நேரம். அவன் வர மாட்டான், ஓனருங்க மட்டும் வந்து உக்காந்து பேசுவாங்க, ரிப்போர்ட்ல "மீனவர்கள் கருத்து"ன்னு அது ஏறிடும். வடகடல்ல (பாக் நீரிணைப் பக்கம்) இன்னொரு சிக்கல், விசைப்படகு போற நாளு வேற, நாட்டுப்படகு போற நாளு வேற, அது தெரியாம தேதி வச்சா பாதி ஊரு கடல்ல இருக்கும்.

எழுதுனது எந்த மேசைக்குப் போகும்? கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டமா, கரையில எந்த எடம் எதுக்குன்னு காட்டுற கடலோர மண்டல வரைபடமா, மாவட்ட இயக்கமா, இல்ல ஏதோ ஒரு யுனிவர்சிட்டி லைப்ரரியா. மேசை இல்லாத பிளானு பேப்பர்தான்.

## வழி 1: ஆய்வு நிறுவனம் நடத்துற ப்ராஜெக்ட்

நம்ம மாவட்டத்துக்கு இந்த விஷயத்துல குறையே இல்ல. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947ல தொடங்குச்சு, ஆரம்ப காலத்துல ரொம்ப வருஷம் தலைமையகம் மண்டபத்துலதான், 1971ல அது கொச்சிக்குப் போச்சு, மண்டலக் கிளை இன்னும் இங்க இருக்கு. பாசி ஆராய்ச்சிக்கு இன்னொரு மத்திய நிறுவனத்தோட நிலையம் மண்டபத்துலயே இருக்கு, அழகப்பா யுனிவர்சிட்டியோட கடலியல் துறை தொண்டில. ஆளு இருக்காங்க, கருவி இருக்கு.

இவங்ககிட்ட நமக்குக் கிடைக்கிறது அளவு. பார் (கடலுக்கடியில இருக்கற பவளப் பாறை) வெளுத்துப் போச்சுன்னு முத்துக்குளிச்ச குடும்பத்துப் பெரியவரு சொன்னா ஆபீஸ்ல தலையாட்டிட்டு விட்டுருவாங்க, 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடாவுல பவளம் வெளுத்தத தண்ணிக்குள்ள இறங்கி எண்ணி எழுதுனதுக்கு அப்புறம் அது ஃபைல்ல ஏறுது. தூத்துக்குடி பக்கம் வான் தீவு கரைஞ்சுக்கிட்டே வந்தப்ப 2015 வாக்குல செயற்கைப் பாறைங்கள இறக்கி அலையோட வேகத்தக் கொறச்சாங்க, தீவு தேறுச்சு. எந்த எடத்துல, எந்த வடிவத்துல, எவ்ளோ ஆழத்துல இறக்கணுங்கறத ஊரு உக்காந்து முடிவு பண்ணிருக்க முடியாது. மன்னார் வளைகுடாத் தீவு 21ல ரெண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், ஏற்கனவே தண்ணிக்கடியில போயிருச்சு, அதனால இது சின்ன விஷயம் இல்ல.

இப்ப தூண்டில் வளைவுக்கு, அதான் கரையிலருந்து கடலுக்குள்ள நீட்டிப் போடுற கல் தடுப்புக்கு வர்றேன், ஏன்னா நம்ம கடற்கரையில எந்த ஊர்ல போயி என்ன வேணும்னு கேட்டாலும் முதல் பதில் அதுதான். கல்லு போட்டா ஒரு பக்கம் மணலு சேரும், மறுபக்கம் அரிக்கும். எந்தப் பக்கம்ங்கறது மணலு எந்தத் திசையில நகருதுங்கறதப் பொறுத்தது, அது கச்சான் (தென்மேற்குக் காத்து) வீசுற மாசத்துல ஒரு மாதிரி, வாடைல (வடகிழக்குக் காத்து) ஒரு மாதிரி. குறைஞ்சது ஒரு முழு வருஷம் அளக்காம "இங்க போடு"ன்னு சொல்றது சூதாட்டம், அதுல தோக்குறது பக்கத்து ஊரு. மச்சான் ஊருக்குக் கல்லு வந்து நம்ம ஊருல வலை காயப்போட எடமில்லாமப் போனா அப்புறம் பொண்ணு குடுத்து எடுக்குறதே நின்னுரும். இந்த ஒரு கேள்விக்கு ஆய்வாளர் கட்டாயம் வேணும், அதுல எனக்கு ரெண்டாம் கருத்து இல்ல.

மறைஞ்சு கெடக்குற செலவு என்னன்னா, ப்ராஜெக்ட்டுக்குக் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் மூணு வருஷம், அதுல முதல் வருஷம் ஆள் எடுக்கவே போயிரும். பழகுன பொண்ணு பி.எச்டி முடிச்சுட்டுப் போயிரும், புதுசா வர்ற பையனுக்கு மறுபடி முதல்லருந்து நீவாடுன்னா (கடல் நீரோட்டம்) என்னன்னு சொல்லணும். ரிப்போர்ட் இங்கிலீஷ்ல வரும். எங்க பக்கம் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) சொல்லுவாரு, "வந்தாக, கேட்டாக, எழுதிட்டுப் போனாக, அம்புட்டுத்தான்"னு.

அதவிடப் பெரிய செலவு வரைபடம். எந்தப் பார்ல எந்த மாசம் என்ன மீனு விழும், எங்க நண்டு, எங்க பாசின்னு ஜிபிஎஸ்ல புள்ளி புள்ளியா வாங்கிட்டுப் போறாங்க. நல்ல எண்ணத்துலதான் வாங்குறாங்க, ஆனா அந்தப் புள்ளி ஒருதடவ வெளிய போச்சுன்னா திரும்ப வராது. ட்ராலர்காரன் கைக்குப் போகலாம், இல்லன்னா நாளைக்கு "இது முக்கியமான பவளப் பகுதி, உள்ள வரக்கூடாது"ங்கற எல்லைக்கோடா நம்மகிட்டயே திரும்பி வரலாம். 1986ல மன்னார் வளைகுடாவ தேசியப் பூங்கான்னு அறிவிச்சப்புறம் தீவுப் பக்கம் பாசிக்குப் போன பொம்பளைங்க பட்ட பாடு இங்க யாருக்கும் மறக்கல, அதனால மேப்புன்னாலே சில ஊர்ல பேச்சு நின்னு போயிரும், அந்தப் பயம் நியாயமானது. பாதுகாப்பு வேணாம்னு நான் சொல்லல, கோடு போடுறப்ப பக்கத்துல நாமளும் இருக்கணும்.

## வழி 2: தொண்டு நிறுவனம் நடுவுல நிக்கிறது

இவங்க பலம் மனுசங்க. வீட்டு வாசல்ல உக்காந்து பேசத் தெரியும், பொம்பளைங்கள தனியா கூட்டி வச்சு கேப்பாங்க, பருவ நாட்காட்டி, வள வரைபடம்னு தரையில கோலப்பொடியில வரைஞ்சே வாங்கிருவாங்க, எழுதுறது தமிழ்ல எழுதுவாங்க. வேதாளை பக்கமோ தேவிபட்டினம் பக்கமோ ஆய்வாளர் நேராப் போனா கிடைக்காத பதிலு இவங்க கூடப் போனா கிடைக்கும். சில வேலைங்க நிலைச்சும் நின்னுருக்கு. பாம்பன்ல கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி 2016ல ஆரம்பிச்சது ஒரு அறக்கட்டளை வழியாத்தான், மீனவங்களுக்குன்னே காத்து, கடலு, எச்சரிக்கைன்னு பேசுற வானொலி அது.

செலவு எங்கன்னா நிதி குடுக்குறவங்களோட ஃபார்மட்ல. அவங்க இந்த வருஷம் அலையாத்தி (மாங்குரோவ்) மரம்னா நம்ம ஊருக்கும் அலையாத்திதான் தேவைன்னு பிளான்ல வரும். காரங்காடு மாதிரி சேத்துக் கழிமுகத்துல அலையாத்தி அருமையா வரும், அதே செடிய மணல்கரையில கொண்டு போயி நட்டா ஃபோட்டோவுக்கு மட்டும்தான் நிக்கும். அப்புறம் வழக்கமா கூப்பிடுற அதே பத்துப் பேரு, எல்லாத் திட்டத்துக்கும் அவங்கதான் "சமுதாயம்". ஒவ்வொரு நிறுவனமும் தனக்குன்னு ஒரு புதுக் குழு வேற ஆரம்பிக்கும், ஒரே அக்கா நாலு குழுவுல தலைவியா இருப்பாங்க, அவங்களுக்கே எந்தக் கூட்டம் எதுக்குன்னு தெரியாது.

## வழி 3: ஊரே எழுதுறது, ஆய்வாளரத் தேவைக்கு மட்டும் கூப்பிடுறது

நான் சாயுறது இந்தப் பக்கம்தான், முன்னாடியே சொல்லிர்றேன்.

முடியுமாடான்னு கேக்குறவங்களுக்குப் பாசி எடுக்குற பொம்பளைங்களக் காட்டுவேன். மாசத்துல 12 நாளு, அதுவும் அமாவாசை பௌர்ணமிய ஒட்டுன நாளுல மட்டும்தான் இறங்குறது, மீன்பிடித் தடைக்காலத்துல பாசியும் வளரட்டும்னு நிப்பாட்டுறதுன்னு அவங்களே கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. பாம்பன் பக்கத்து சின்னப்பாலத்து லட்சுமி அம்மாவுக்கு 2015ல தீவுகளப் பாதுகாக்குற சீகாலஜி அமைப்பு விருது குடுத்தது இந்த வேலைக்குத்தான். தகவமைப்புன்னு இங்கிலீஷ்ல பேசுறாங்களே, அது இதுதான்.

ஊரு தானா அளக்கக்கூடியது நெறைய இருக்கு. தண்ணில கரைஞ்ச உப்போட அளவக் காட்டுற, கையில புடிக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மாசம் ஒரு தடவ அதே கிணறு, அதே ஊத்து, எழுதி வைங்க. குடிதண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரி, வேற வழியே இல்லன்னா 2000 வரைன்னு இந்தியத் தர அளவு சொல்லுது, ஒரு ரெண்டு வருஷ நோட்டு இருந்தா எந்த மாசத்துல எந்தக் கிணறு தாண்டுதுன்னு எந்த அதிகாரியும் மறுக்க முடியாது. கரைக்கு, ஊருக்குள்ள நகராத ஒரு அடையாளம், கோயில் படியோ சர்ச் கொடிமரமோ பள்ளிவாசல் சுவரோ, அதுலருந்து மேட்டு விளிம்பு வரைக்கும் மாசாமாசம் டேப் புடிச்சு அளந்து, அதே எடத்துல நின்னு ஒரு ஃபோட்டோ. சாட்டிலைட் படம் இலவசமாக் கிடைக்குது, ஆனா சென்டினல் படத்துல ஒரு புள்ளி 10 மீட்டரு, பழைய லேண்ட்சாட்டுல 30 மீட்டரு, அதனால வருஷத்துக்கு ரெண்டு மீட்டர் அரிப்பு அதுல சட்டுன்னு தெரியாது. நம்ம டேப்பு அளவும் அவங்களோட முப்பது வருஷப் படமும் சேந்தா ரெண்டுக்கும் பலம். அப்புறம் வெள்ளம் நின்ன அளவ வீட்டுச் சுவத்துல பெயின்ட்ல கோடு போட்டு தேதி எழுதிருங்க, அடுத்த புயல்வரைக்கும் அது பேசும். 2020 டிசம்பர்ல புரெவி புயல் வந்து நம்ம தலைக்கு மேலயே நகராம நின்னப்ப எவ்ளோ தண்ணி நின்னுச்சுன்னு இப்பக் கேட்டா ஆளுக்கொரு உயரம் காட்டுறாங்க.

இதுக்கும் செலவு உண்டு, சும்மா புகழக்கூடாது. யாராவது ஒரு பையனோ பொண்ணோ காசில்லாம உழைக்கணும், அந்தப் புள்ளைக்கு சிங்கப்பூரு விசா வந்துச்சுன்னா நோட்டு நின்னுரும், அதனால ஆரம்பத்துலயே ரெண்டு பேரா வைங்க. கமிட்டி அரசியல் அப்படியே பிளானுக்குள்ள வரும், கரைவலைக்காரன் எடத்த படகு நிறுத்துற எடமா எழுதிருவாங்க. பொம்பளைங்க தனியா உக்காந்து எழுதுற ஒரு பகுதிய கமிட்டி கை வைக்காம சேக்கணும், இல்லன்னா இந்த வழியோட நியாயமே போச்சு. இன்னொண்ணு, வெளியாளு யாரும் இல்லன்னா பிளானு மனுவா மாறிடும், தூண்டில் வளைவு வேணும், தடுப்புச் சுவரு வேணும், நிவாரணம் வேணும்னு முடிஞ்சிரும்.

## வழி 4: அரசு வழி

சுருக்கமாச் சொல்றேன். கலெக்டர் தலைமையில மாவட்ட இயக்கம் இருக்கு, கடற்கரைக்குன்னு உலக வங்கி உதவியோட நெய்தல் மீட்சி இயக்கம் வந்திருக்கு, ஊராட்சி அளவுல வளர்ச்சித் திட்டம் இருக்கு. காசு இருக்கற ஒரே எடம் இதுதான். ஆனா ஊராட்சிக்கு அதிகாரம் கரையோட நின்னுரும், கடலுக்குள்ள மீன்வளத்துறை, வனத்துறைன்னு வேற கதவு. வாய்க்கால், ஊருணி, குடிதண்ணின்னா இது சரியான எடம். மீனவத் தெரு ஒரு பெரிய ஊராட்சில ஒரு வார்டா மட்டும் இருந்தா கிராம சபையில நம்ம கை எண்ணிக்கை பத்தாதுங்கறதையும் கணக்குல வைங்க. உள்ளாட்சிப் பதவிக்காலம் நம்ம மாவட்டத்துல 2025 சனவரி 5ந்தேதியோட முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போனப்ப, யாருகிட்ட பேசிப் பேசிப் பழக்கம் புடிச்சோமோ அந்த ஆளு மாறிட்டாரு, அரசு வழில இது எப்பவும் நடக்கும்.

## ஒரே பார்வையில

| | கேள்வி யாருது | டேட்டா யாருகிட்ட | முக்கியமான செலவு | எதுக்கு நல்லது |
|---|---|---|---|---|
| ஆய்வு நிறுவனம் | அவங்களுது | அவங்ககிட்ட | வரைபடம் வெளிய போறது, காலக்கெடு | கரை அரிப்பு, பாரு, கல்லு போடுற முடிவு |
| தொண்டு நிறுவனம் | நிதி குடுக்குறவங்களுது, பாதி நம்மளுது | ரெண்டு பேருகிட்டயும் | அதே பத்துப் பேரு | பொம்பளைங்க, கூலியாளு பேச்சு உள்ள வர |
| ஊரே | நம்மளுது | நம்மகிட்ட | உழைப்பு, கமிட்டி அரசியல் | வெள்ளம், கிணறு, தொழில் கட்டுப்பாடு |
| அரசு | ஆபீஸுது | ஆபீஸ்ல | ஆளு மாறுறது, அலைச்சலு | காசு வேணுங்கற எல்லாத்துக்கும் |

## அப்ப யாரு எதை எடுக்குறது

ஊருக்குள்ள மழைத்தண்ணி நிக்கிறதும் கிணறு உப்பாகுறதும்தான் தலைவலின்னா 3ல ஆரம்பிச்சு 4ல போயி முடிங்க, நடுவுல யாரும் வேணாம். ஊருணியத் தூர்வார ஆய்வுக் கட்டுரை எதுக்கு.

கரை அரிக்குதுன்னா 1 வேணும், ஆனா தனி ஊராப் போகாதீங்க. மேல ரெண்டு ஊரு, கீழ ரெண்டு ஊரு சேந்து ஒரே கடுதாசியாப் போடுங்க, மணலுக்கு ஊரு எல்லை தெரியாது. ஒரு வருஷ டேப்பு அளவ கையில வச்சுக்கிட்டுப் போனா மரியாதையும் வேற மாதிரி இருக்கும், கேள்வி கேக்குற எடத்துல நாம நிப்போம்.

கமிட்டி ரெண்டாப் பிரிஞ்சு கெடக்குற ஊரு, இல்ல பொம்பளைங்க வாயத் திறக்க முடியாத ஊருன்னா 2லருந்து ஆரம்பிக்கிறது உத்தமம். சண்டைக்கு நடுவுல 3 எடுபடாது.

வீட்டு மனை, வலை காயப்போடுற எடம், படகு இழுக்குற எடம் பறிபோகுதுங்கறதுதான் கவலைன்னா அதுக்குக் கிளைமேட் பிளான விட கடலோர மண்டல வரைபடம் முக்கியம். மீனவ ஊரு, அதோட பொது எடம், மீன் காயப்போடுற எடம்லாம் வரைபடத்துல காட்டணும், நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் போடணும்னு 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலயே இருக்கு. இந்த மேப்புல புள்ளி குடுக்கத் தயங்காதீங்க. கடலுக்குள்ள இருக்கற பாரு ரகசியமா இருக்கட்டும், கரையில இருக்கற எடம் பதிவாகட்டும், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு எல்லாத்தையும் மறைக்கிற ஊருதான் கரையையும் விடுது.

## சரின்னு சொல்றதுக்கு முன்னாடி எழுதி வாங்குறது

எந்த வழியா இருந்தாலும் வெளியாளு வந்தா இது ஒரு பக்கத்துல, தமிழ்ல, ரெண்டு பக்கமும் கையெழுத்தோட இருக்கட்டும்: கேள்விய யாரு முடிவு பண்றது, எடுத்த டேட்டா ஒரு நகல் ஊர்ல எந்த வடிவத்துல இருக்கும், பாரு, பாசி எடங்களோட ஜிபிஎஸ் புள்ளி ஊரு சம்மதம் இல்லாம வெளியிடக் கூடாது, ரிப்போர்ட் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஊர்ல வாசிச்சுக் காட்டணும், கூட்டத்துக்கு வர்ற கூலியாளுக்கு அன்னைக்குக் கூலி. கடைசி வரியப் பாத்துட்டு முகம் சுளிக்கிறவங்க இருப்பாங்க, டீயும் சமோசாவும் குடுத்தா போதும்னு நெனைக்கிறவங்க. 2021ல உலக அளவுல உள்ளூர் தலைமையில தகவமைப்புன்னு 8 கொள்கை வகுத்தாங்க, முடிவெடுக்குறது முடிஞ்சவரைக்கும் கீழ்மட்டத்துல இருக்கணுங்கறதுதான் அதுல முதல் கொள்கை. அவங்க ப்ரொபோசல்ல அதக் குறிப்பிட்டிருந்தாங்கன்னா எடுத்து அவங்க முன்னாடியே வைங்க, கூலி வரி தானா வந்துரும்.

2002 பல்லுயிர்ச் சட்டத்துப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர் பதிவேடும் உண்டு. நம்ம பக்கத்து அறிவு யாருதுன்னு நாளைக்குக் கேள்வி வந்தா காட்டுறதுக்கு ஒரு காகிதம் அது, உங்க ஊர்ப் பதிவேட்டுல கடல் பக்கம் ஒரு வரியாவது இருக்கான்னு போயிப் பாருங்க.

ஊராட்சின்னா அடுத்த வருஷத் திட்டத்துக்கான பேச்சு அக்டோபர் 2 கிராம சபைய ஒட்டி ஆரம்பிக்கும், அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கிணத்து நோட்டையும் வெள்ளக் கோட்டையும் தீர்மான வாசகமா எழுதி எடுத்துட்டுப் போங்க. மண்டபம், தொண்டி மாதிரி பேரூராட்சி, கீழக்கரை, ராமேஸ்வரம் மாதிரி நகராட்சின்னா கிராம சபை கிடையாது, வார்டு கமிட்டி, ஏரியா சபைதான், அதுக்கு உங்க கவுன்சிலரப் புடிக்கணும்.